தாய்ப்பால் ஊட்டலும் முதற் பத்து நாட்களும்
கொல்கத்தா நகரின் அனுபவத்தை ஒட்டிய ஒரு பாடம்

பாலூட்டி இனங்கள் யாவற்றிலும் தாய் பால் கொடுப்பதும் குட்டி பால் குடிப்பதும் இயல்பாக நிகழ்கின்றன. மனித இனத்திலும் அவ்வாறே நிகழும், அதற்குப் பயிற்சியோ உதவியோ வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் பாதி உண்மையே. சப்பும் ஆற்றல் குழந்தைக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கின்றது. தாயின் உடலிலும் பால் சுரப்பதற்கான ஏற்பாடுகள் கருவுற்ற காலத்திலேயே நடந்தேறிவிடுகின்றன. ஆனால் குழந்தையின் வாயும் தாயின் மார்பும் ஒன்றோடொன்று சரிவரப் பொருந்துவது எப்போதும் தானாக நிகழ்வதன்று. அது கண்டும் செய்தும் கற்க வேண்டிய கைத்திறன். முதன்முறை தாயாகும் பெண் இவ்வுண்மையைப் பிரசவத்திற்குப் பின்னரே, உடல் ஓய்ந்து கிடக்கும் வேளையில், பெரும்பாலும் வலியோடு கண்டுகொள்கின்றாள்.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. நம் நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 88.6 ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் நிகழ்ந்தன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ நூற்றுக்கு 41.8 மட்டுமே. 2015-16-இல் நடந்த நான்காவது ஆய்வில் இவ்வெண்கள் முறையே 78.9, 41.6 ஆக இருந்தன. அதாவது, ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்து என்ற அளவில் கூடியும், முதல் மணி நேரத்தில் பாலூட்டல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மருத்துவர், செவிலி, கட்டில், மருந்து ஆகிய யாவும் கிட்டிய பின்னரும் கிட்டாத ஒன்று உண்டென்பதையே இது காட்டுகின்றது. அந்த ஒன்று யாது என்பதையும், பிரசவத்திற்குப் பிந்திய முதற் பத்து நாட்களில் ஊழியர் அதனை எவ்வாறு அளிக்கக் கூடும் என்பதையும் இங்கு ஆராய்வோம்.

கொல்கத்தாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தாய் சேய் நலம் பற்றிய ஆராய்ச்சியில் இந்நகரம் நெடுங்காலம் முன்னணியில் நின்றது. அகில இந்தியச் சுகாதாரம், பொதுநலக் கல்லூரி இங்கு 1932-இல் நிறுவப்பெற்றது. டாக்டர் க்ஷிரோத் சந்திர சௌதுரியின் முயற்சியால் குழந்தை நலக் கழகம் 1956-இல் தோன்றியது. மேலும், பழைய வழக்கங்களும் புதிய ஆஸ்பத்திரி முறைகளும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் எதிரெதிரே நிற்பதை இந்நகரில் காணலாம். சென்னையிலும் மதுரையிலும் பணியாற்றுவோர் தம் ஊரின் நிலையை இங்கே அடையாளம் கண்டுகொள்வர்.

பழைய கல்கத்தாவும் இன்றைய கொல்கத்தாவும்

1950-களின் நடுவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் மேற்சொன்ன கல்லூரியில் பணியாற்றிய டெரிக் ஜெல்லிஃப் என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், மேற்கு வங்காளக் கிராமங்களில் சிறு குழந்தைகளின் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்து 1957-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று அதைப் படிப்போர்க்கு வியப்பளிப்பது, தாய்ப்பால் ஊட்டத் தெரியாத தாய் என்பவள் அக்கால ஆராய்ச்சியாளர்க்கு ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை என்பதாம். அவர் கவலையெல்லாம் அடுத்த கட்டத்தைப் பற்றியது. ‘முகே பாத்’ எனப்படும் சோறூட்டும் சடங்கு, இவ்வுணவு சூடு இவ்வுணவு குளிர்ச்சி என்னும் பாகுபாடு ஆகியவற்றால் புரதம் மிகுந்த உணவு குழந்தைக்கு உரிய காலத்தில் கிட்டாமற் போவதே அவர் கண்ட குறை. பின்னாளில் புட்டிப்பால் விற்பனையால் விளையும் ஊட்டக் குறைவைக் குறித்து உலகை எச்சரித்தவர்களுள் ஒருவராக இவர் விளங்கினார்.

அக்காலத்து வங்காளப் பெண், குழந்தை பிறக்குமுன்பே பாலூட்டலைப் பலமுறை கண்ணாற் கண்டிருப்பாள். அக்கா, அண்ணி, சிற்றன்னை என யாரேனும் ஒருவர் வீட்டில் எப்போதும் கைக்குழந்தையோடு இருப்பர். பிரசவித்தவளுக்கென ஒதுக்கப்பட்ட ‘ஆதுர் கர்’ என்னும் அறையில் மூத்த பெண்டிர் உடனிருந்தனர். அவ்வறையைப் புகழ்ந்துரைப்பது நம் நோக்கமன்று. காற்றோட்டமற்ற, புகை மண்டிய அறைகளே மிகுதி. தொப்புளின் வழியே இசிவு நோய் புகுந்து மாண்ட சிசுக்களுக்குக் கணக்கில்லை. ‘ஷால் துத்’ என வங்காளியரும் சீம்பால் என நாமும் வழங்கும் முதற்பாலைக் கெட்ட பால் எனப் பீய்ச்சிக் கொட்டியோரும் உண்டு. அதற்கீடாகத் தேனும் கற்கண்டு நீரும் புகட்டினர். நம் பக்கத்தில் சேனை வைத்தல் என்னும் பெயரால் இதே காரியம் நிகழ்ந்தது. ஆயினும் குழந்தையை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று கைதொட்டுக் காட்ட அங்கே ஆள் இருந்தது.

இன்றைய நகரத்துத் தாய்க்கு அது இல்லை. அடுக்குமாடி வீட்டில் கணவனும் மனைவியுமாக வாழ்பவள், தன் குழந்தையையே முதன்முதலாகக் கையில் ஏந்துகின்றாள். அன்றியும் பிரசவத்தின் முறையே மாறிவிட்டது. ஐந்தாவது ஆய்வின்படி மேற்கு வங்காளத்தில் நூற்றுக்கு 32.6 பிரசவங்கள் அறுவை மூலம் நிகழ்ந்தன. தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 82.7. தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு 44.9. வயிற்றில் தையலோடு மல்லாந்து கிடப்பவளிடம் குழந்தையைத் துணியிற் சுற்றிக் காட்டிவிட்டு வேறு அறைக்குக் கொண்டுபோவது பல இடங்களில் வழக்கமாயிருக்கின்றது. முதுகுத் தண்டில் மருந்து செலுத்தி, நினைவு தப்பாமல் செய்யப்படும் அறுவையில் தாயின் மார்பில் குழந்தையை உடனே சேர்க்கத் தடையேதும் இல்லை. எனினும், கேட்பார் இல்லாவிடில் செய்வாரும் இல்லை.

பால் சுரக்கும் விதம்

பின்வரும் செய்திகளை ஊழியர் மனத்தில் இருத்தினாலன்றித் தாயின் அச்சத்தைப் போக்க இயலாது. ஆகவே சற்று விரிவாகக் கூறுவோம்.

பால் சுரப்பதில் இரண்டு ஹார்மோன்கள் முக்கியமானவை. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகின்றது. ஆக்ஸிடோஸின் என்பது உண்டான பாலை நுண்குழல்களின் வழியே காம்பை நோக்கித் தள்ளுகின்றது. இவ்விரண்டையும் தூண்டுவது குழந்தை சப்புதலே. ஆக்ஸிடோஸினுக்கு மற்றோர் இயல்பும் உண்டு: குழந்தையின் குரல் கேட்ட மாத்திரத்தில் அது பெருகும், அச்சம், வலி, வெட்கம் ஆகியவற்றால் அது தடைப்படும். பார்வையாளர் கூடிய அறையில் மார்பில் பால் இருந்தும் வாராமற் போவது இதனால்தான். இச்செயலுக்கு ஆங்கில நூல்கள் இட்ட பெயரைத் தமிழாக்கும்போது மொழிபெயர்ப்போர் ‘பால் விடும் அனிச்சைச் செயல்’ என்பது போன்ற தொடர்களை அமைத்து இடர்ப்படுகின்றோம். ‘பால் ஊறி வருகிறது’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதனையே. தாயிடம் பேசும் ஊழியர் அகராதியை விட்டு இச்சொல்லையே எடுத்துக்கொள்வது நலம்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் சுரப்பது சீம்பால் மட்டுமே. மஞ்சள் நிறமும் பிசுபிசுப்பும் உடைய இதன் அளவு மிகக் குறைவு. முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லி லிட்டர் வரைதான். சிறு தேக்கரண்டி ஒன்று 5 மில்லி லிட்டர் கொள்ளும். ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கரண்டி நீரை ஊற்றிக் காட்டி, பிறந்த குழந்தையின் ஒரு வேளை உணவு இவ்வளவே என்று கூறுவார்களாயின் மாணவியர் எளிதில் மறக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் இவ்வளவு 15 முதல் 30 மில்லி லிட்டராகவும், நான்காம் நாள் 30 முதல் 60 ஆகவும் உயர்கின்றது. நோயெதிர்ப் பொருள்கள் சீம்பாலில் செறிந்திருப்பதால், அளவிற் சிறிதாயினும் அதற்கு ஈடு பிறிதொன்றில்லை.

நஞ்சுக்கொடி வெளிப்பட்டபின் தாயின் உடலில் சில ஹார்மோன்கள் சட்டெனக் குறைவதால், 48 முதல் 72 மணி நேரத்திற்குள் பால் பெருகி வரத் தொடங்குகின்றது. முதற் பிரசவத்திலும், அறுவைப் பிரசவத்திலும், நீரிழிவு உடையவர்களிடத்தும், உடற்பருமன் மிக்கவர்களிடத்தும் இது ஓரிரு நாள் பிந்தக் கூடும். ஆஸ்பத்திரியினின்றும் தாய் வீடு திரும்புவது பெரும்பாலும் இந்த வேளையில்தான். வெள்ளம் வரும் நேரத்தில் கரையில் ஆள் இல்லாதது போன்ற நிலை.

‘துத் ஹொச்சே னா’

கொல்கத்தாவில் வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர் கேட்கும் வாசகம் இது. ‘பால் வரவில்லை’ என்பது பொருள். நம் நாட்டில் ‘பால் போதவில்லை’ என்பார்கள். பாலூட்டல் தொடக்கத்திலேயே முறிந்துபோவதற்கு இச்சொல்லைப் போன்ற காரணம் பிறிதொன்றில்லை எனலாம்.

நிகழ்வது இதுவே. இரண்டாம் நாள் இரவு குழந்தை ஓயாமல் அழுகின்றது. மார்பு இன்னும் தளர்வாகவே இருக்கின்றது. பாட்டி, அத்தை, பக்கத்துக் கட்டிலின் உறவினர் ஆகியோர் பால் இல்லை என்று தீர்ப்பளிக்கின்றனர். ஒரு கரண்டி மாவுப்பால் புகட்டப்படுகின்றது, குழந்தை உறங்கிவிடுகின்றது. தீர்ப்பு மெய்யென்று யாவரும் நம்புகின்றனர். உறங்கிய அந்த மூன்று மணி நேரமும் மார்பு சப்பப்படவில்லை. சப்பாத மார்புக்கு மேலும் சுரக்கத் தூண்டுதல் இல்லை. உள்ளே தேங்கிய பாலும் சுரப்பைக் குறைக்கின்றது. மறுநாள் இரண்டு கரண்டி வேண்டியிருக்கின்றது. பத்தாம் நாள் அந்தத் தாய்க்கு உண்மையாகவே பால் போதுவதில்லை. பொய்யாகத் தொடங்கிய ஒரு வாசகம் இவ்வாறு மெய்யாகிவிடுகின்றது.

இங்கே ஊழியர் செய்யத் தகாதது ஒன்றுண்டு. ‘எல்லோருக்கும் பால் உண்டு, கவலைப்படாதே’ என்று கூறிவிட்டுச் செல்லலாகாது. தாய்க்கு வேண்டுவது ஆறுதலன்று, சான்று. அச்சான்றைக் குழந்தையின் உடலே தரும். ஐந்தாம் நாளிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு முறையோ அதற்கு மேலோ வெளிறிய சிறுநீர் கழிந்தால் பால் கிட்டுகின்றது என்று கொள்ளலாம். கருமையான முதல் மலம் நான்கைந்து நாட்களில் மஞ்சளாக மாற வேண்டும். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு வரை முதல் நாட்களில் குறைவது இயல்பு. மூன்று கிலோ குழந்தைக்கு இது ஏறக்குறைய 200 கிராம். இதனை முன்கூட்டியே சொல்லிவைக்காவிடில், நான்காம் நாள் எடை பார்க்கும் தாய் திகைத்துப்போவாள். இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடை மீள வேண்டும். அதன்பின் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். அழுகை மட்டும் சான்றாகாது. ஈரம், வெப்பம், தனிமை, வயிற்று உப்புசம் ஆகிய யாவற்றுக்கும் குழந்தையிடம் உள்ள மொழி அழுகை ஒன்றே.

வாய் பொருந்துதல்

மாவுப்பாலுக்கு அடுத்தபடியாகப் பாலூட்டலை முறிப்பது வலி. காம்பில் வெடிப்பு, குருதி, ஒவ்வொரு முறையும் பற்களைக் கடித்துக்கொண்டு குழந்தையை எடுக்கும் நிலை ஆகியவை தாய்மையின் இயல்பான துன்பங்கள் என்று மூத்தோர் கூறுவதுண்டு. இக்கூற்று தவறு. முதல் சில நாட்களில் சப்பத் தொடங்கும் கணத்தில் சிறிது கூச்சம் இருக்கலாம். தொடர்ந்த வலியும் வெடிப்பும் பெரும்பாலும் குழந்தையின் வாய் தவறாகப் பொருந்தியிருப்பதன் அடையாளமே.

ஊழியர் அறிவுரை கூறுமுன் ஒருமுறை பாலூட்டலை முழுவதும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நம் பணியில் மிக அரிதாகச் செய்யப்படுவது இதுவே. காலம் இல்லை என்பது காரணமாகக் கூறப்படும். பார்க்க வேண்டியவை சில. குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில், தாயின் உடலோடு ஒட்டி இருக்கின்றனவா? கழுத்து மட்டும் திரும்பியிருக்கின்றதா? (நாம் தோளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நீர் அருந்த முயன்றால் குழந்தையின் இடர்ப்பாடு விளங்கும்.) வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடங்கி, முகவாய் மார்பைத் தொட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்விய குழந்தைக்குப் பாலும் கிட்டாது. தாய்க்கு வலியும் நீங்காது. கன்னம் குழிய, ‘ச்’ என்னும் ஒலியோடு சப்பினால் பொருத்தம் சரியில்லை. சரியாக இருப்பின் இரண்டு மூன்று முறை சப்பியபின் விழுங்கும் ஒலி மெல்லக் கேட்கும்.

தவறாகப் பொருந்தியிருப்பின் குழந்தையை இழுத்தெடுக்கலாகாது. சுத்தமான சிறுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து இறுக்கத்தைத் தளர்த்தி எடுத்து, மீண்டும் சேர்க்க வேண்டும். வெடிப்புக்குக் கடைசியாகச் சுரக்கும் பாலின் ஒரு துளியைத் தடவி உலரவிடுவதே போதும். ஒவ்வொரு முறையும் சோப்பினால் கழுவுவது தோலை வறட்டி வெடிப்பை மிகுவிக்கும். அறுவைத் தையல் உள்ளவர் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையின் உடலைக் கக்கத்தின் அடியிற் பின்புறமாக நீட்டிப் பிடித்தோ ஊட்டினால் வயிற்றில் பாரம் விழாது.

உள்வாங்கிய காம்புடைய தாய்மாருக்கு நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட எளிய முறை ஒன்றுண்டு. கர்நாடகத்தின் தாவணகெரேயில் டாக்டர் கேசரியும் அவர் குழுவினரும் 1993-இல் வெளியிட்டது அது. 10 மில்லி லிட்டர் பிளாஸ்டிக் சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டி நீக்கிவிட்டு, உந்துதண்டை வெட்டிய பக்கத்தின் வழியே செலுத்த வேண்டும். வெட்டுப்படாத, வழவழப்பான வாய்ப்புறத்தைக் காம்பின்மீது பொருத்தி, தாயே மெதுவாகத் தண்டை இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடிக்கலாம். ஒவ்வொரு பாலூட்டலுக்கும் முன் இவ்வாறு செய்தால் காம்பு வெளிவந்து குழந்தை பற்றிக்கொள்ள ஏதுவாகின்றது. சில ரூபாயில் முடியும் காரியம். வலி தோன்றினால் உடனே தளர்த்த வேண்டும் என்பதைத் தாய்க்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாம் நான்காம் நாட்களில் பால் கட்டிக்கொள்வது மற்றோர் இடர். மார்பு கல்லைப் போல் இறுகி, தோல் மின்னி, காம்பு தட்டையாகிவிடுவதால் குழந்தை கவ்வ முடியாமல் வழுக்கும். பால் மிகுந்திருந்தும் குழந்தை பட்டினி கிடப்பது இவ்வேளையில் காணும் விந்தை. கையாற் சிறிது பீய்ச்சிக் கரிய வட்டத்தை மென்மையாக்கிவிட்டுச் சேர்த்தால் குழந்தை பற்றிக்கொள்ளும். ஊட்டியபின் குளிர்ந்த ஈரத்துணி வீக்கத்தைத் தணிக்கும். ஒரு பகுதி மட்டும் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் அது மார்பழற்சி. அப்போதும் பாலூட்டலை நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் அனுப்புக. நிறுத்தினால் சீழ்க்கட்டியாக முற்றி அறுவை வரை செல்லக் கூடும்.

உண்மையாகவே பால் குறைந்த தாய்மார்

பாலூட்டலைப் பரப்புவோர் சிலர் ஒரு தவறு செய்கின்றனர். பால் இல்லாத தாயே உலகில் இல்லை என்பது போலப் பேசுகின்றனர். அவ்வாறன்று. பிரசவத்தில் மிகுந்த குருதி இழந்தவர்கள், நஞ்சுக்கொடியின் ஒரு பகுதி உள்ளே தங்கியவர்கள், தைராய்டு குறைபாடுடையவர்கள், மார்பில் சுரப்பித் திசுவே போதிய அளவு வளராதவர்கள் ஆகியோருக்குப் பால் உண்மையாகவே குறையலாம். இவர்கள் சிறுபான்மையினரே. ஆயினும் அச்சிறுபான்மையினருள் ஒருத்தி நம் எதிரே அமர்ந்திருக்கும்போது, அவளை நம்ப மறுப்பது குழந்தையின் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

கொல்கத்தாவின் சித்திரை, வைகாசி வெயிலிலும் நம் அக்கினி நட்சத்திரத்திலும் பால் கிட்டாத குழந்தையின் உடலில் நீர் வற்றி உப்பு மிகும். அத்தகைய குழந்தை எப்போதும் அழுதுகொண்டிருக்கும் என்று எண்ணலாகாது. மாறாக, அமைதியாக உறங்கிக்கொண்டே இருக்கும். ‘சமர்த்துக் குழந்தை’ என்று வீட்டார் மகிழ்வர். எடை நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலும், காய்ச்சல் கண்டாலும், பால் குடிக்க எழுப்ப முடியாவிட்டாலும் அறிவுரை கூறி நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவர் சொல்லி மேற்பால் கொடுக்க நேர்ந்தால் புட்டியை நாட வேண்டியதில்லை. வங்காளத்து வீடுகளில் ‘ஜினுக்’ எனப்படும் சிப்பி வடிவக் கரண்டி தலைமுறைகளாக உண்டு. நம் சங்கும் பாலாடையும் அதன் உடன்பிறப்புகளே. நம் பாலாடை இன்று சிசு மருத்துவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் அதே பெயரோடு வழங்குவது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கழுவ எளிது, ரப்பர் காம்புக்குக் குழந்தை பழகிவிடும் என்ற அச்சமும் இல்லை. உணவைப் பற்றியும் ஒரு சொல். வங்காளத்தில் பால் சுரக்கக் கருஞ்சீரகத்தை அரைத்துச் சோற்றோடு தருவர், சுரைக்காயும் சமைப்பர். நாம் பூண்டையும் சுறாப் புட்டையும் முருங்கைக் கீரையையும் தருகின்றோம். இவற்றைத் தடுக்க வேண்டியதில்லை; சப்புதலுக்கு மாற்றாக எண்ணாதிருந்தாற் போதும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி மிகுதியாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணிப்பு. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்கலாகாது என்று தடுக்கும் வீடுகளில்தான் ஊழியர் சற்று உறுதியாகப் பேச வேண்டும்.

அவ்வாறு பேசும்போது மாமியாரைப் பகையாக்கிக்கொள்வது பேதைமை. வங்காளத்தில் அவரை ‘மாசிமா’ என்றழைத்து, நம் பக்கத்தில் ‘அம்மா’ என்றழைத்து, ‘நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டுத் தொடங்கினால் அறையின் காற்றே மாறிவிடும். பால் போதவில்லை என்பது பல வீடுகளில் மருத்துவச் செய்தியாக அன்று, மருமகளின்மீது சுமத்தும் குற்றமாகவே ஒலிக்கின்றது. காரணமின்றி அழுபவள், குழந்தையைப் பார்க்க விரும்பாதவள், உறக்கம் வாய்த்தும் உறங்காதவள் ஆகியோரைச் சோம்பேறி என்றோ அன்பற்றவள் என்றோ எண்ணாதீர்கள். பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வு ஒரு நோய். சிகிச்சையால் தீரக் கூடியது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் வெளிப்பட்டால் அன்றே சேர்க்க வேண்டும்.

குறைமாதக் குழந்தையும் பால் வங்கியும்

குறைமாதத்தில் பிறந்து சப்பும் வலிமையற்ற சிசுவுக்குத் தாயின் பாலைப் பீய்ச்சிப் புகட்டுவதே முதல் வழி. அதுவும் கிட்டாதபோது உதவுவது பால் வங்கி. ஆசியாவின் முதற் பால் வங்கியை 1989-இல் பம்பாயின் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரியில் 2013-இல் ‘மதுர் ஸ்நேஹ’ என்னும் இனிய பெயரோடு ஒரு வங்கி அமைந்தது. இத்தகைய வங்கிகளில், நோயற்றவர் எனச் சோதித்தறிந்த தாய்மார் அளிக்கும் உபரிப் பாலை 62.5 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிடம் சூடாக்கி, உறைநிலையில் சேமிக்கின்றனர். வீட்டில் ஒருவர் குழந்தைக்கு மற்றொருவர் பாலைச் சோதனையின்றிக் கொடுப்பதை இதனோடு ஒப்பிடலாகாது.

தகரப் பாலும் சட்டமும்

1950-களில் எருமைப் பாலினின்றும் குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்டபோது, இறக்குமதியைக் குறைக்கும் வெற்றி என்று நாடு மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியில் குற்றமில்லை, தாயற்ற குழந்தைக்கு அது வேண்டியதே. தாயுள்ள குழந்தையையும் அது தேடி வந்ததுதான் இன்னல். மாவை மிச்சம் பிடிக்க நீரை மிகுவிக்கும் வறிய வீட்டில் குழந்தை மெலிகின்றது. நீர் தூயதன்றெனில் வயிற்றுப்போக்கு வருகின்றது. காலராக் கிருமியின் நச்சுப் பொருளை 1959-இல் சம்பு நாத் டே நிறுவிக்காட்டிய நகரம் கல்கத்தா. அசுத்த நீரின் கொடுமையை அந்நகரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் மாவுக்கும் பாற்புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இலவசமாகத் தரப்படும் மாதிரித் தகரம், நாட்காட்டி, கருத்தரங்கப் பை ஆகியவற்றை ஊழியர் ஏற்கலாகாது.

வேலைக்குத் திரும்பும் தாய்

2018 நவம்பரில் தென் கொல்கத்தாவின் ஒரு பேரங்காடியில், பாலூட்ட இடம் கேட்ட தாய்க்குக் கழிப்பறை காட்டப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நிர்வாகம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டிலேயே பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறைகள் திறக்கப்பட்டன. அவ்வறைகள் பூட்டிக் கிடக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா என்பதை அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும் கள ஊழியர் பணியே என்பது எம் கருத்து.

மகப்பேற்று விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரமாயிற்று. அது அலுவலகத்தாருக்கும் ஆலையினருக்கும் உரியது. விடியலில் கானிங்கிலிருந்தும் லக்ஷ்மிகாந்தபூரிலிருந்தும் புறநகர் ரயிலேறி, பாலிகஞ்சிலும் டாகூரியாவிலும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்பென்று ஒன்றில்லை. பிரசவித்த ஓரிரு மாதத்தில் அவர்கள் திரும்ப வேண்டியுள்ளது. இவர்களிடம் ‘ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே’ என்று கூறிவிட்டு எழுந்துவரும் ஊழியர் எதையும் கூறியவராகார்.

இவர்களுக்குப் பயன்படுவது பாலைப் பீய்ச்சிச் சேமிக்கும் முறை. வேலைக்குத் திரும்புமுன் ஒரு வாரமாவது பழக வேண்டும். கைகளைச் சோப்பினால் கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்த அகன்ற வாயுடைய பாத்திரத்தை எடுத்துக்கொள்க. கட்டைவிரலைக் கரிய வட்டத்தின் மேற்புறத்திலும் சுட்டுவிரலைக் கீழ்ப்புறத்திலும் வைத்து, முதலில் மார்புக் கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பின் இரு விரல்களையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்குக. காம்பை நசுக்கவோ தோலின்மேல் விரல்களைத் தேய்க்கவோ கூடாது. முதல் நாள் அரை அவுன்ஸ் கூட வாராமல் இருக்கலாம். நாலைந்து நாளில் கை பழகும். மிகுந்த வெப்பமில்லாத நாளில் மூடிய பாத்திரத்தில் நான்கு மணி நேரம் வரையும், குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரம் வரையும் பால் கெடாது. வெயில் காலத்தில் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, அதற்கு முன்னரே புகட்டிவிட வேண்டும். அடுப்பில் காய்ச்சலாகாது, வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் நிறுத்தி, ஜினுக்கிலோ பாலாடையிலோ ஊட்டலாம். இதனைக் கற்க வேண்டியவர் தாய் மட்டுமல்லர். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையோ அக்காளையோ அருகில் அமர்த்திக்கொண்டே கற்பிக்க வேண்டும். பணியிடத்திலும் இடையில் ஒருமுறையாவது பீய்ச்ச வேண்டும். இல்லையேல் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். மாலை ரயிலில் திரும்பியவுடன் முதலில் மார்பில் சேர்ப்பதும், இரவில் கேட்டபோதெல்லாம் கொடுப்பதும் பகலின் குறையைப் பெரிதும் ஈடுசெய்யும். இரவில் புரோலாக்டின் மிகுதியாகச் சுரக்கின்றது.

ஆஷா ஊழியர்க்கான திட்டப்படி ஆஸ்பத்திரியிற் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று காண வேண்டும். இந்த ஆறனுள் முதல் இரண்டும் எவ்வளவு வேலைப் பளுவிலும் தவறலாகாதவை. மூன்றாம் நாள் தாய் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் அங்கேயே சென்று காணலாம். அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தால் அவ்வட்டாரத்து ஊழியருக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பி, பார்த்தாரா என்று ஏழாம் நாளுக்கு முன் கேட்டறிந்து பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.